ஜக்கூர் மேக்னெட்டோ ஒர்க்‌ஷாப்: தாராளமாகப் போகலாம்

பெங்களூரு ஜக்கூரில் சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் செஸ்னா 172-இன் லைகாமிங் இன்ஜின் இடது மேக்னெட்டோவில் (பிளக்குகளுக்குப் பொறி தரும் கருவி; இடது, வலது என இரண்டு உண்டு) மட்டும் ஓட்டினால் குலுங்கியது, சுற்று வேகம் 175 ஆர்பிஎம்முக்கு மேல் குறைந்தது. வேறோர் இடத்தில் பார்த்ததுமே மேக்னெட்டோவை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

இந்த ஜக்கூர் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் அவசரப்படவில்லை. இடதில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, எந்த சிலிண்டர் மட்டும் சூடேறவில்லை என்று பார்த்து, அதன் கீழ் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: எலக்ட்ரோடு இடுக்கில் கடுகு கடுகாக ஈயம்! அவ்கேஸில் (விமானப் பெட்ரோல்) ஈயம் உண்டே, தரையில் மிக்ஸ்சரில், அதாவது காற்று-எரிபொருள் கலவையில், எரிபொருளைக் குறைக்காமல் நெடுநேரம் ஓட்டினால் இப்படித்தான் சேரும். சுத்தம் செய்து, இடைவெளி அளந்து, அழுத்தத்தில் பொறி வருகிறதா என்று சோதித்து, புது செப்பு வாஷர் போட்டுத்தான் மாட்டினார். அப்புறம் குலுங்கவே இல்லை. சனிக்கிழமை கூட்டம், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.