கார்பன் கிராங்கா, அலுமினியக் கிராங்கா: மட்டக்களப்பு ரோட்டுக்கு எது சரி?

ரோட் பைக் வாங்கிக் கொஞ்சக் காலம் ஓடியதும் எல்லாருக்கும் வருகிற கேள்வி, அடுத்து எதை மாற்றலாம் என்பதுதான். எங்கள் பக்கத்துப் பெடியள் இப்போது அதிகம் கேட்பது கார்பன் கிராங்க் பற்றி. கிராங்க் என்பது பெடல் பூட்டும் இரண்டு கைகளும் அச்சும் முன் பற்சக்கரமும் சேர்ந்த பாகம். என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஓடுகிறவருக்கு ஷிமானோ கொம்பனியின் 105 தரத்திலுள்ள, உள்ளீடற்ற அலுமினியக் கிராங்கே போதும். கார்பனை நான் வெறுக்கவில்லை. எங்கள் ரோட்டுக்கும் காற்றுக்கும் உப்புக்கும் அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எடையைப் பார்ப்போம். தொடக்கநிலை ரோட் பைக்கோடு வரும் கிராங்க் பெரும்பாலும் 900 கிராமைத் தாண்டும். 105 ஆர்7000 ஏறத்தாழ 720 கிராம், அல்டெக்ரா ஆர்8000 ஏறத்தாழ 675, டுரா-ஏஸ் ஆர்9100 ஏறத்தாழ 620. இவை மூன்றும் ஷிமானோவின் படிப்படியான தரங்கள், மூன்றும் அலுமினியம். கார்பனில் ஸ்ராம் கொம்பனியின் ரெட் வரிசை இதைவிடக் குறையும். ஆனால் அதற்கு ஒரு படி கீழே உள்ள ஃபோர்ஸ் கார்பனாக இருந்தும் அல்டெக்ராவைவிடச் சொல்லும்படியாக இலேசு இல்லை. ஆகவே கார்பன் என்றாலே இலேசு என்று நினைத்துக் காசைக் கொடுக்காதீர்கள். 2022இல் ஜோனாஸ் விங்கெகோ டூர் டி பிரான்ஸ் வென்றதும் ஷிமானோவின் அலுமினியக் கிராங்கில்தான்.

சரி, 105ஐ விட்டு உயர்தரக் கார்பனுக்குப் போய் 150 கிராம் மிச்சப்படுத்திவிட்டீர்கள் என்று வைப்போம். ஆளும் பைக்கும் தண்ணிப் போத்தலும் சேர்ந்து 76 கிலோ என்றால் அது 0.2 வீதம். செங்கலடியில் திரும்பி ஏ5 வழியே மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறுகிறீர்கள். ஒரு மணித்தியால ஏற்றத்தில் கிடைக்கும் லாபம் 7 செக்கன் அளவு. கல்லடியிலிருந்து கல்முனைக்குத் தட்டை ரோட்டில் ஓடும்போது அதுவும் இல்லை. அங்கே எதிரி எடை அல்ல, காற்று. கச்சான் காற்று எழும்பிய நாளில் கைப்பிடியைத் தாழ்த்தி உடம்பைச் சுருக்கினால் கிடைக்கும் வேகத்தை எந்தக் கிராங்கும் தராது.

சுழலும் பாகம் இலேசானால் இரட்டை லாபம் என்பார்கள். அது ஓரளவு வேகமாகச் சுழலும் சில்லுக்குப் பொருந்தும், மெதுவாகச் சுழலும் கிராங்குக்கு அல்ல. மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும்போது ரயர் செக்கனுக்கு 8 மீற்றருக்கு மேல் சுழல்கிறது. நிமிடத்துக்கு 90 தரம் மிதித்தாலும் 170 மில்லிமீற்றர் கிராங்கின் நுனி செக்கனுக்கு 1.6 மீற்றர்தான் நகரும்.

இனி உப்பு. எனக்கு இதுதான் பெரிய விஷயம். கார்பன் கையின் நுனியில் பெடல் திருகுவதற்கு ஒரு அலுமினிய மரையைப் பதித்து ஒட்டியிருப்பார்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அது அலுமினியத்தைத் தொட்டபடி இருக்க, இடையில் உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரிபடும். நல்ல கொம்பனிகள் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி இழைப் படலமோ வேறு காப்போ வைக்கின்றன. பெயர் தெரியாத மலிவுக் கிராங்கில் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே ஓடுகிற நாங்கள் அந்தச் சூதாட்டத்துக்குப் போகக் கூடாது. மரை இளகத் தொடங்கினால் மிதிக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். பெடலை இறுக்கியும் கிரீஸ் போட்டும் அது நிற்காவிட்டால் அந்தக் கிராங்கில் ஏறவே வேண்டாம்.

நாவலடிப் பக்கம் ஓடினால் சப்பாத்தில் மணல் ஒட்டும். குதி கிராங்கில் உரசுகிற இடத்தில் அந்த மணல் அரத்தாள் மாதிரி வேலை செய்யும். அலுமினியத்தில் பூச்சு போய்ப் பளபளக்கும், அவ்வளவுதான். கார்பனில் மேற்பூச்சு போன பிறகு தேய்வது இழை. கார்பன்தான் வேண்டும் என்பவர் அந்த இடத்தில் ஒளிபுகும் ஒட்டுத்தாளை முதல் நாளே ஒட்டிவிடவேண்டும்.

அலுமினியத்துக்கும் குறை உண்டு. 2019 ஜூலைக்கு முன் செய்த அல்டெக்ரா, டுரா-ஏஸ் 11 வேகக் (பின்னால் 11 பற்சக்கரம் உள்ள) கிராங்குகள் இரண்டு ஓடுகளைப் பசையால் ஒட்டிச் செய்தவை. ஒட்டு விடுவதாக 4,500க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்ததால் 2023 செப்டெம்பரில் ஷிமானோ அவற்றைப் பரிசோதனைக்கு அழைத்தது. 105 அந்தப் பட்டியலில் இல்லை. பாவித்த அல்டெக்ரா ஒன்று மலிவாக வருகிறது என்றால் பெடல் பூட்டும் இடத்தின் பின்புறத்தில் உள்ள இரண்டு எழுத்துக் குறியைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். நான் 105ஐச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டுகிற வேலையிலும் 105க்கே என் வாக்கு. இடது கையில் இரண்டு போல்ட், 5 மில்லிமீற்றர் அலன் சாவி, 12 முதல் 14 நியூட்டன் மீற்றர் இறுக்கம். ஊரில் எந்தச் சைக்கிள் திருத்துநரும் செய்வார். ஸ்ராமின் 'டப்' வகை அச்சுக்கு 8 மில்லிமீற்றர் சாவியும் 54 நியூட்டன் மீற்றர் இறுக்கமும் தேவை. அதற்கு இறுக்கத்தை அளந்து காட்டும் நீளமான டோர்க் சாவி வேண்டும். அச்சு 28.99 மில்லிமீற்றர் என்பதால் ஃபிரேமில் அச்சைத் தாங்கும் ஷிமானோவின் 24 மில்லிமீற்றர் பெயாரிங் கப் பொருந்தாது, அதையும் புதிதாக வாங்கவேண்டும். அது தேய்ந்தால் மாற்றுக் கப் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும்வரை சைக்கிள் சுவரோடு சாத்தியிருக்கும். ஸ்ராமின் 12 வேகப் பற்சக்கரம் அதற்கென்றே செய்த தட்டை முதுகுச் செயினுக்கானது என்பதையும் மறக்கவேண்டாம். ஷிமானோ 11 வேகச் செயினோடு அதைக் கலந்து ஓடச் சொல்லமாட்டேன்.

மிஞ்சுகிற காசில் ஃபிரேம் இடம் தந்தால் 28 மில்லிமீற்றர் ரயர் ஒரு சோடி போடுங்கள். கிராமில்தான் மனம் நிற்கிறது என்றால் சாதாரண ரியூப் இரண்டையும் கழற்றிவிட்டு டிபியு என்ற பிளாஸ்ரிக் வகையில் செய்த மெல்லிய ரியூப் போடுங்கள். 100 கிராமுக்கு மேல் குறையும், செலவோ கார்பன் கிராங்கின் விலையில் ஒரு சிறு துண்டு.

கார்பன் யாருக்குச் சரி? பைக்கில் மற்ற எல்லாவற்றையும் ஏற்கெனவே இலேசாக்கிவிட்டு, மலையேற்றப் போட்டிக்கென்றே பயிற்சி செய்து, சக்தி அளவுமானியோடு வரும் ரெட் தரக் கிராங்கை நம்பிக்கையான இடத்தில் வாங்கக் கூடியவருக்கு. அவர் ஆசைப்பட்டு வாங்கினால் நான் தடுக்கமாட்டேன்.

எதை வாங்கினாலும் கடற்கரை ரோட்டில் ஓடிவிட்டு வந்ததும் நல்ல தண்ணியால் கழுவி, பெடல் மரையையும் அச்சுப் பக்கத்தையும் துணியால் துடையுங்கள். மாரி தொடங்க முன்னர் ஒரு தரம் கிராங்கைக் கழற்றி, அச்சிலும் பெடல் மரையிலும் புதுக் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். கழற்றும்போது கவனம்: பெடல் இடது பக்கம் எதிர்மரை, அதாவது வழமைக்கு எதிர்ப்பக்கம் இறுகும். வழமையான மரைக் கப்பில் எதிர்மரை இருப்பது வலது பக்கம், செயின் ஓடுகிற பக்கம்.