அத்தையோடு கண்டி கிளினிக்குக்குப் போய் வந்தது

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கை உளையுது என்று யாராவது சொன்னால் அதை ஒரு வருத்தமாக யாரும் எடுப்பதில்லை. கொழுந்து பறிக்கிற கை, உளையத்தானே செய்யும். கூடை சுமந்த முதுகு, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த தோள், பனியிலும் அட்டைக்கடியிலும் நின்ற கால், எல்லாம் வாதக் கணக்கில் போய்விடும். பெனடோல் இரண்டு, ராவைக்குச் சித்தாலேப தைலம். காலையில் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போய் நிற்க வேண்டியதுதான்.

நான் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் வாதநோய்ப் பிரிவில், நோயாளிகளுக்குத் திகதி போட்டுக் கொடுக்கிற மேசையில் வேலை செய்கிறேன். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஆனால் ஒரு கடிதம் தட்டில் எத்தனை நாள் தூங்கினால் யாருடைய விரல் கோணும் என்பது இந்த வேலையில் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த முறை ஊருக்குப் போன இடத்தில் கோயில், கல்யாணம், நுவரெலியா படகுச் சவாரி எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அத்தையோடு கிளினிக்குக்குப் போனேன்.

அத்தைக்கு ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். அவருக்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஏன் இவ்வளவு காலம் என்று ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"காலையில எத்தன மணிக்கு அத்தை விரல் மடங்கும்?"

"மணியா? எனக்கு என்னா மணி தெரியும் பாப்பா. பெரட்டு கலைஞ்சு, எல்லாரும் மலைக்கு ஏறி, காலைக் கொழுந்து நிறுக்கப் போவாங்க பாரு, அந்த நேரம் கொஞ்சம் வளைய வரும். அதுக்கு முன்னுக்கு தேத்தண்ணிக் கோப்பையும் பிடிக்க ஏலாது."

இந்தப் பதிலைக் கேட்டால் எங்கள் பிரிவில் எந்த டாக்டரும் பேனையை வைத்துவிட்டுக் கையைத் தொட்டுப் பார்ப்பார். தேய்ந்த மூட்டு வேலை செய்யச் செய்ய வலிக்கும், ஓய்ந்தால் இறங்கும். இது நேர் எதிர். படுத்து எழும்பினால் மரம் மாதிரி விறைத்திருக்கும், அரை மணிக்கு மேல், சிலருக்கு மணிக்கணக்கில். அசைக்க அசைக்கத்தான் இளகும். பெரும்பாலும் இரண்டு கையிலும் வரும். விரலின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு வீங்கும். நகத்துக்குப் பக்கத்துக் கணுவை அநேகமாக விட்டுவிடும். கைகுலுக்குவதுபோல் விரலடிகளைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக அமுக்கினால் ஆள் துள்ளிவிடுவார். இதைப் பார்க்க ஸ்கேன் வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியிலேயே கேட்டுவிடலாம்.

யாரும் கேட்கவில்லை. ஆனால் வேறோர் இடத்தில் அது பதிவாகிக்கொண்டே இருந்திருக்கிறது: செக்ரோலில், தோட்டத்து வேலைக் கணக்குப் புத்தகத்தில். அத்தை நல்ல கைக்காரி. ஒருநாளும் நிறை குறையாதவர். அந்த வருஷம் அவருடைய கொழுந்தின் எடை கிழமைக்குக் கிழமை இறங்கியிருக்கிறது. முதலில் கங்காணி சத்தம் போட்டிருக்கிறார். பிறகு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டிருக்கிறார். முப்பது வருஷம் ஒரே மாதிரிப் பறித்தவள் திடீரென்று ஏன் குறைத்தாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. சோம்பல், வயசு, மகள் கல்யாணக் கவலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். எந்த டாக்டருக்கும் முன்னால் இந்த நோயைக் கண்டுபிடித்தது தராசுதான்.

இதற்கிடையில் டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் பேர் எழுதாத தாள் பைகளில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். "போட்ட ரெண்டாவது நாளே கை நல்லாப் போச்சு, கெட்டிக்கார டாக்டர்" என்று இன்றும் புகழ்கிறார். அவர் சொன்ன அளவையும் முகம் உப்பிய கதையையும் வைத்துப் பார்த்தால் அது பிரெட்னிசொலோன் என்றுதான் நினைக்கிறேன். ஸ்டீரொய்ட் மோசமான மருந்தில்லை; கண்டி டாக்டரும் ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தார். ஆனால் அது வீக்கத்தை இறக்குவதோடு சரி; நோயைப் பிடித்து நிறுத்துகிற மருந்தை அந்த டிஸ்பென்சரி தொடங்கவில்லை, கடிதமும் கொடுக்கவில்லை. ஸ்டீரொய்டை நீண்டநாள் எடுத்தால் சீனி ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. கை நல்லாப் போன அந்த மாதங்களில்தான் மணிக்கட்டு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஹற்றனில் சனல் பண்ணி, தனியாகக் காசு கட்டிப் பார்த்த ஒரு டாக்டர், கையைப் பார்த்தவுடனேயே கடிதம் எழுதிக் கண்டிக்கு அனுப்பியிருக்கிறார்.

நோய் தொடங்கி முதல் மூன்று மாதத்துக்குள் முறையான மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம். இங்கிலாந்தின் வழிகாட்டலில் சின்ன மூட்டுகளில் வீக்கம் கண்டால் குடும்ப டாக்டர் 3 வேலை நாட்களுக்குள் கடிதம் அனுப்ப வேண்டும், இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும். நிபுணர் 3 வாரத்துக்குள் பார்க்க வேண்டும். அப்படியே நடக்கிறதா என்று கேட்காதீர்கள். அந்த மூன்று வாரம் ஏராளமானோருக்குத் தவறுகிறது என்று அங்குள்ள தேசியக் கணக்கெடுப்பே சொல்கிறது. திட்டு வாங்குகிற தொலைபேசி என் மேசையில்தான் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்து மூக்கைச் சுளிக்கிற ஆளாக இதை நான் எழுதவில்லை.

கிளினிக் நாளன்று விடியுமுன் மூன்று மணிக்கு எழும்பினோம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு த்ரீவீல், அங்கிருந்து ஹற்றன் பஸ், ஹற்றனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டி. மூட்டு விறைத்த ஆளை அந்த வளைவுகளில் இருத்திக் கொண்டுபோவது தனி வித்தை. அத்தை கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை வளைத்துக் கோர்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து, பெயர் கூப்பிடும்போது பத்தரை. மருந்துக் கியூ முடிந்து திரும்பி லயத்து வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது.

வைத்தியத்துக்கு ஒரு சதமும் இல்லை. அதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். ஆனால் போனது ஒரு நாள் பேர். தனியாக அனுப்ப முடியாதென்பதால் வழக்கமாகக் கூடப் போகிற என் மச்சாளின் பேரும் சேர்ந்து இரண்டு. 2021இல் ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கு என்ன பாடு பட்டார்கள் என்பது தெரியும். 2024இல் அடிப்படை 1350 ஆனது. அதில் இரண்டு பேருடைய நாளும் பஸ் காசும் த்ரீவீல் காசும் கழிந்தால், "கை இப்ப பரவாயில்ல, அடுத்த மாசம் போவோம்" என்று சொல்லத்தான் தோன்றும். மருந்து விட்டுப்போவது இப்படித்தான். படிப்பில்லாததால் விடுகிறார்கள் என்று கொழும்பில் ஒருவர் என்னிடம் சொன்னார். படிப்பு இல்லாவிட்டாலும் கூட்டல் கழித்தல் நன்றாகவே தெரிகிறது.

கிளினிக்குக்குள் நடந்ததில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. டாக்டருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்திலும் மூட்டு மூட்டாக அமுக்கிப் பார்த்தார். இலங்கையில் இந்தத் துறை வாதநோயும் புனர்வாழ்வும் சேர்ந்த ஒரே துறை. றாகமையில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி உண்டு. கண்டிப் பக்கம் திகனையில் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தச் சேர்க்கையின் நன்மையை நேரில் பார்த்தேன். அடுத்த அறையிலேயே ஒரு பெண் அத்தையின் மணிக்கட்டுக்குத் தாங்கி அளவெடுத்து, கேத்தலை ஒரு கையால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையால் ஏந்தச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு வேறொரு கடிதம், வேறொரு வரிசை, வேறொரு மாதம்.

பயம் தந்தது மருந்துக் கவர். நோயைப் பிடித்து நிறுத்துகிற மருந்தான மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், நான்கு மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம், வேறொரு நாளில். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை, ஒரே மாதிரிப் பழுப்புத் தாள் கவர். எப்போது போடுவதென்று சிங்களத்தில் எழுதியிருந்தது. அத்தைக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டால் எலும்பு மச்சை பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது இன்னும் இந்தக் கவர் வரைக்கும் வந்து சேரவில்லை. வீட்டில் பேரன் ஒரு கவரில் சூரியன் படம் கீறி, ஞாயிற்றுக்கிழமை என்று கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறான். மற்றக் கவரில் புதன் என்று பெரிய எழுத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்த மருந்து கர்ப்பத்தில் ஆகவே ஆகாது என்பதையும் யாராவது தமிழில் உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டும். தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவுக்கு அது தெரிந்திருந்தாலே பாதி வேலை முடியும்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. இந்த மருந்து எடுப்பவருக்கு இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிட்டிஷ் முறைப்படி, அளவு நிலைப்படும் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதம் மாதாமாதம், அதற்குப் பிறகு குறைந்தது 12 கிழமைக்கு ஒருமுறை. நிபுணர் மூட்டைப் பார்ப்பதற்குக் கண்டி வேண்டும், சரி. ஊசி போட்டு ஒரு குப்பி இரத்தம் எடுக்க எதற்குக் கண்டி? இங்கிலாந்தில் மருந்து நிலைப்பட்டதும் இந்த வேலையைக் குடும்ப டாக்டரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் சில தடவைதான் வருவார்கள். நடுவில் வீங்கினால் நர்சுக்கு அடித்துக் கேட்க ஒரு தொலைபேசி இலக்கம்.

மலையகத்திலும் இதற்கு வானத்தை வளைக்க வேண்டியதில்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 150 கட்டிலோடு இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017இல் திறந்தது. அது போன்ற இடங்களில் மாதாந்த இரத்தமும் மாத்திரையும் கிடைத்து, கண்டிக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்றாகிவிட்டால், அத்தை போன்றவர்களுக்கு வருஷத்தில் எத்தனை நாள் பேர் மிச்சமாகும் என்று எண்ணிப் பாருங்கள். நிபுணருக்கும் புது நோயாளியைப் பார்க்க இடம் கிடைக்கும். புதுக் கட்டடம் கேட்க முன், டிஸ்பென்சரிகளில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று கேள்வியைச் சொல்லிக் கொடுக்கலாம்: காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, இரண்டு கையிலுமா, அமுக்கினால் வலியா. செக்ரோலில் எடை இறங்கிய பெண்ணைத் திட்டுவதற்கு முன் டிஸ்பென்சரிக்கு அனுப்பும்படி கங்காணிக்கும் சொல்லலாம்.

அத்தைக்கு இதை நானே கேட்டுப் பார்த்தேன். இரத்தத்தை எங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் எடுக்க ஒரு கடிதம் தரமுடியுமா என்று டாக்டரிடம் கேட்டதும், மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். ஆதார வைத்தியசாலையில் முதல் கவுண்டரில் முடியாதென்றார்கள், இரண்டாவதில் கிளினிக் நாளில் வரச் சொன்னார்கள், மூன்றாவதாக ஒரு மிஸ், நர்ஸ், கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டு எடுத்துக்கொண்டார். வெளிநாட்டுக் கைப்பை தொங்கவிட்ட ஆள் கேட்டதால் நடந்ததோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. மச்சாள் கேட்டிருந்தால் முதல் கவுண்டரோடு திரும்பியிருப்பார்.

வெளியில் இருக்கிற உறவுக்காரர்களுக்கு ஒன்று. அத்தை வீட்டு அலுமாரியில் கனடாவிலிருந்தும் சவூதியிலிருந்தும் வந்த குளுக்கோசமின் போத்தல்களும் வலித்தைலங்களும் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. இந்த நோய்க்கு அவை எதுவும் செய்யாது. 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது வெளிக் கடையில் மெத்தோட்ரெக்சேட் வாங்கக் காசு இல்லாமல் நிறுத்தியவர்களைக் கியூவில் சந்தித்தேன். அந்தப் போத்தல் காசு அப்போது கையில் இருந்திருக்கலாம்.

கியூவில் சந்தித்தவர்களில் நோர்வுட் பக்கத்து அம்மா ஒருவரும் பொகவந்தலாவையிலிருந்து வருகிற இளம் தாய் ஒருத்தியும் உண்டு. அத்தையோடு சேர்த்து மூன்று பேரும் ஒரே கிழமை நாளில் தனித்தனியாக மூன்று மணிக்கு எழும்பி வருகிறார்கள். நோர்வுட் அம்மாவின் மகன் கட்டாரில். அந்த மகனும் நானும் பேசி ஒரு வேன் பிடித்துவிட்டோம். கிளினிக் மிஸ்ஸிடம் கேட்டு அத்தைக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே திகதி வாங்கியாயிற்று. இளம் தாய்க்குச் சரிவரவில்லை. மருந்து இப்போதுதான் தொடங்கியதால் இரண்டு கிழமையில் இரத்தம் பார்க்க வேண்டுமாம், கண்டியிலேயே. டாக்டர் அத்தைக்கு எழுதிய கடிதத்தைப் பெயர் மறைத்துப் படம் பிடித்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், அடுத்த தடவை அதைக் காட்டிக் கேட்கச் சொல்லி. முதல் கவுண்டரில் திரும்பிவிடாதே என்றும் எழுதினேன்.