வெயிட் கஃப்: ஊட்டிக் குளிருக்கு எது தாங்கும்?

இடுப்பு எலும்பு முறிந்தோ, நிமோனியாவில் இரண்டு வாரம் படுத்தோ, கோவை ஆஸ்பத்திரியிலிருந்து மலையேறித் திரும்பும் பெரியவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் எழுதித் தரும் சாமான்களில் இது ஒன்று. கால் பயிற்சிக்காகக் கணுக்காலில் சுற்றி ஒட்டுகிற எடைப்பட்டை. மெடிக்கல் ஷாப்பில் வெயிட் கஃப் என்றாலே எடுத்துப் போடுவார்கள்.

இதில் இரண்டு வகை. மணலோ இரும்புக் குருணையோ வைத்துத் தைத்த பட்டை ஒன்று. சின்னப் பைகளில் எடைத் துண்டுகளைச் செருகி எடுக்கிற பட்டை இன்னொன்று. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே. அரைக் கிலோவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போகலாம், ஜோடி ஜோடியாக வாங்கிக் குவிக்க வேண்டாம். தைத்த பட்டையில் முதலில் விடுவது ஓரத் தையல்தான். ரஜாய் மேலெல்லாம் மணல்.

பெட்டியில் '2 கிலோ' என்று போட்டிருந்தால் அது ஒரு பட்டைக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

முதியவர்கள் விழாமலிருக்க நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சிமுறையில் எடைப்பட்டை தேவைப்படுவது மூன்றுக்குத்தான்: உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது, நின்று முழங்காலைப் பின்னால் மடக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. வாரம் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. முழங்காலை நீட்டும்போது தொடை முழுக்க நாற்காலியில் படிய வேண்டும். தூக்க மூன்று எண்ணிக்கை, இறக்க ஐந்து. பட்டை தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு, ஏனென்றால் இறக்கும்போதும் தசை பிரேக் பிடித்து உழைக்கிறது. பத்து முறை, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து. இரண்டு சுற்றும் சுலபமானால்தான் அடுத்த அரைக் கிலோ. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் எடை கூடுதல். எண்ணுவதைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்; மூச்சை அடக்கினால் பி.பி. ஏறும்.

இனி குறைகள். முதல் குறை வெல்க்ரோ. இங்கே கம்பளி சாக்ஸைக் கழற்றுகிறவர் யார்? அதன் நூல் கொக்கிகளில் சிக்கிச் சிக்கி, நாளாவட்டத்தில் சாம்பல் நிறப் பஞ்சு மெத்தையாகிவிடும். பிறகு பட்டை வழுகிப் பாதத்தில் வந்து உட்காரும். பழைய பல்துலக்கும் பிரஷ், பிடிவாதமான நூலுக்கு ஊக்கு, வாரம் ஒருமுறை போதும். சாக்ஸுக்குப் பதில் மெல்லிய பருத்திக் கால்சட்டை மேல் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. கம்பளி சாக்ஸோடு சிமெண்டுத் தரையில் நிற்பதும் ஆபத்து. ரப்பர் அடியுள்ள செருப்பு வேண்டும்.

அடுத்தது ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை துணிப்பட்டை காயவே காயாது, பூஞ்சை வாடை வந்துவிடும். துடைத்தெடுக்கிற ரெக்சின் பட்டை மேல். ஆனால் காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். பயிற்சியை வெயில் ஏறிப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கலும் தீரும், விறைத்த மூட்டும் இளகியிருக்கும்.

பெரிய தப்பு ஒன்று: பட்டையைக் கழற்றாமல் எழுந்து நடப்பது. நிலைவாசல் தடுக்கும். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனிக்கு முன்னே ஒட்டி வைத்துப் பத்து விநாடி நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகள் பட்டையில்லாமல், அடுக்களை மேடையைப் பிடித்தபடிதான். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிக்கவே கூடாது, அது ஆளோடு சேர்ந்து சாயும்.

கால் வீங்கியவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், மேல்தோல் தாளாக மெலிந்தவர்கள் வாங்கும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது. கணுக்கால் எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, இரு விரல் நுழையும் தளர்வில் கட்டி, அவிழ்த்ததும் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு ஆபரேஷன் செய்தவர்கள் சர்ஜன் சொல்லும்வரை பக்கவாட்டுத் தூக்கலுக்கு எடையே கட்ட வேண்டாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அவர் வரும் நாளில் பட்டையைக் காட்டி, எத்தனை கிலோ என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.