ஒரு தொட்டிக்கு இரண்டு லோடு

மின்கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து செப்டிக் டேங்க் லாரியை அழைத்தேன். 5,800 ரூபாய் போனது. பணத்தைவிட, பட்டப்பகலில் என் கண்ணெதிரே நடந்ததை நானே புரிந்துகொள்ளாமல் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

மதுராந்தகம் அருகே எங்கள் வீடு. தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது தெரியும். தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்வரை அந்த மூடியின் பக்கம் யார் போவார்கள்?

லாரியில் ஓட்டுநரும், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையனும் வந்தார்கள். ஒரே ஒரு மூடியைத் திறந்து ஹோஸை விட்டார்கள். பத்து நிமிடம் மோட்டார் ஓடியது. “லோடு நிறைந்துவிட்டது சார், கொட்டிவிட்டு வருகிறோம்” என்று கிளம்பினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, இன்னொரு பத்து நிமிடம். லோடுக்கு 2,500 வீதம் 5,000 ரூபாய். கூடவே கிருமி வளர்க்கும் பவுடர் என்று ஒரு பொட்டலம், 800 ரூபாய். (அந்தக் கிருமிகள் மலத்திலேயே போதுமான அளவு உண்டு, விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.)

ஹோஸை வெளியே இழுத்தபோது அதன் முனையில் மூன்று அடி மட்டும்தான் நனைந்திருந்தது. அதிலும் கருப்புச் சேறு ஒட்டவில்லை. “அடியில் இருக்கும் கசடு வந்துவிட்டதா?” என்று கேட்டேன். “அது களிமண் மாதிரி இறுகிக் கிடக்கிறது சார், ஹோஸ் இழுக்காது. இன்னும் இரண்டாயிரம் கொடுங்கள், பையன் இறங்கி வாரிவிடுவான்” என்றார் ஓட்டுநர். பையன் அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாயிரம் அதிகமில்லையா என்றுதான் யோசித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காதான், “ஆளை உள்ளே இறக்கினால் இப்போதே போலீசைக் கூப்பிடுவேன்” என்று சத்தம் போட்டார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். ஓட்டுநரோடு, வேலை கொடுத்த நானும் சிக்குவேன். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமாக இருந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். அன்று அக்கா மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் கீழ்க் கழிப்பறையில் தண்ணீர் குமிழிட்டு மேலே ஏறியது. அப்போதுதான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். தொட்டி எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம், நீர் நிற்கும் ஆழம் ஐந்து அடி. 160 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, தொட்டி முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 4,500 லிட்டர்தான். வந்த லாரியின் மேல் 6,000 லிட்டர் என்று எழுதியிருந்தது. 4,500 லிட்டர் தொட்டியிலிருந்து 12,000 லிட்டர் எடுத்ததாக எனக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள்! இடைவேளையில் லாரி தெருமுனை டீக்கடை ஓரமாக நின்றதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் அது திரும்பியது வயல் பக்கம் போகும் மண் ரோட்டில். கழிவைக் கொட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையம் கருங்குழியில் 2017 முதல் இருக்கிறது. அதற்கு அது வழியே அல்ல.

அடுத்து, எட்டு அடி மூங்கில் கழியின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டைச் சுற்றினேன். மூடியைத் திறந்து, அரை மணி நேரம் காற்றாட விட்டு, தள்ளி நின்றபடி கழியைத் தரைதொட இறக்கி, சற்று நேரம் வைத்திருந்து மெதுவாக எடுத்தேன். துணியில் கருப்புக் கறை இரண்டரை அடிக்கு ஏறியிருந்தது. அடிக் கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே எடுத்துவிட வேண்டும். எனக்குப் பாதி நிரம்பியிருந்தது, அதுவும் ‘சுத்தம்’ செய்த பிறகு. (இதைச் செய்பவர்கள் பீடி, தீக்குச்சி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளை வீட்டுக்குள் இருத்துங்கள். தலையைக் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள்.)

இந்த முறை நகராட்சியில் விசாரித்து உரிமம் உள்ள லாரியை வரவழைத்தேன். 14420 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வந்தவர் கேட்ட முதல் கேள்வி: “இரண்டாவது மூடி எங்கே சார்?” கார் நிறுத்த டைல்ஸ் போட்டபோது நானே அதை மூடிவிட்டிருந்தேன். நான்கு டைல்ஸைப் பெயர்த்தோம். லாரியிலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சி, இறுகிய கசடைக் கலக்கி, ஹோஸைத் தரைவரை இறக்கி இழுத்தார். ‘ஹோஸ் இழுக்காத’ களிமண் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. லாரியின் பின்புறக் கண்ணாடிக் குழாயில் அளவு முக்காலுக்குச் சற்று மேலே நின்றது. ஒரே லோடு, 2,200 ரூபாய். அடியில் கொஞ்சம் கசடை வேண்டுமென்றே விட்டுவைத்தார். தொட்டியைக் கழுவவோ பினாயில் ஊற்றவோ கூடாது என்றார். வெளியேறும் குழாயின் ‘டி’ வடிவ இணைப்பு உடைந்து விழுந்து, கசடு உறிஞ்சுகுழிவரை போயிருந்ததையும் அவர்தான் காட்டினார். அந்தச் செலவு தனி.

முதல் லாரிக்காரருக்கு போன் செய்து ஒரு லோடுக்கான பணத்தையாவது திருப்பிக் கேட்டேன். “வீட்டில் ஆட்கள் அதிகம் சார், அதற்குள் மறுபடி நிரம்பியிருக்கும்” என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தேன். தொகை இருக்கிறது, வண்டி எண் இல்லை, முகவரி இல்லை. மின்கம்பத்தில் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்தேன். போன வாரம் அதே இடத்தில் புதுப் பெயரில் ஒன்று ஒட்டியிருக்கிறது. கீழே அதே எண்.