காசு ட்ராக்கில், மானம் கோன்களுக்கு நடுவில்: ஒரே செட் டயர் போதுமா?

பிப்ரவரி மாதக் காலை, ஏழரை மணி. கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் க்ரோஸ் லேண்டிங் என்ற இடத்தில் கடற்படை கைவிட்டுப்போன பழைய விமான ஓடுதளம். காங்கிரீட்டின் மேல் ஆரஞ்சு கோன்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். குனிந்து முன் டயரில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய்க்கட்டி மாதிரி ஜில்லென்று, கெட்டியாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே டயர் ஐம்பது நொடிக்கு முழுப் பிடிமானம் தர வேண்டும். சூடாவதற்கு அவகாசமே கிடையாது.

ஜூலையில் இதே கார் தண்டர்ஹில் பந்தயத் தடத்தில் நிற்கும். வில்லோஸ் ஊருக்கு வெளியே 3 மைல் நீளம், 15 வளைவு. வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது அங்கே சகஜம். டயரைச் சூடாக்குவது அங்கே ஒரு வேலையே இல்லை. அந்தச் சூட்டை இருபது நிமிடம் தாங்கவைப்பதுதான் வேலை.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் புழுதி பறக்கும் மண் தரைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது தார் அல்லது காங்கிரீட் தரையில், கோன்களால் போட்ட பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கார் ஓடுவது. வேகம் பெரும்பாலும் இரண்டாவது கியரோடு முடிந்துவிடும். ஒரு கோனைத் தட்டினால் 2 நொடி அபராதம். ட்ராக் டே என்பது பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுத்து, பந்தயம் இல்லாமல், ஆசை தீர ஓட்டுவது. இரண்டுக்கும் ஒரே கார் போதும். ஒரே டயர் போதுமா என்பதுதான் கேள்வி.

என்னிடம் இருப்பது பழைய மியாட்டா, மாஸ்டாவின் இரண்டு சீட் குட்டி ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் தலைமுறை. டயர் அளவு 205/50ஆர்15. முதல் இரண்டு வருடம் இந்தக் கேள்விக்கு டயர் விமர்சனங்களைப் படித்தே விடை தேடினேன். அப்புறம் ஒருநாள் கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். வருடத்துக்கு ஐந்து ஆட்டோகிராஸ், ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டம், ஓட்டத்துக்கு ஐம்பது நொடி. மொத்தம் 21 நிமிடம்கூட முழுசாக வரவில்லை. ட்ராக் டே நான்கு, நாளுக்கு நான்கு செஷன், செஷனுக்கு இருபது நிமிடம். 320 நிமிடம்.

அதாவது டயர் தேய்வதெல்லாம் ட்ராக்கில். ஆனால் ட்ராக் டேயில் யாரும் எனக்கு ரேங்க் போடுவதில்லை. பெயருக்கு நேராக நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அச்சடித்து ஒட்டுவது ஆட்டோகிராஸில்தான். காசு ஒரு இடத்தில் போகிறது, மானம் வேறொரு இடத்தில் போகிறது. இரண்டில் எது உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி டயர் வாங்கியாயிற்று.

கடையில் போய் நின்றால் எல்லா டயரும் ஒரே ஜாதி மாதிரி தெரியும். காரணம் 200 என்ற எண். அமெரிக்காவில் விற்கும் கார் டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். டெக்சாஸின் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதையில், மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். மாதிரி டயர் 100 என்றால், 200 போட்ட டயர் அதைப்போல இரண்டு மடங்கு உழைக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் கடைசியில் எந்த எண்ணைப் பொறிப்பது என்று முடிவு செய்வது டயர் கம்பெனியேதான். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்சிசிஏ, தன் ஆட்டோகிராஸின் ஸ்ட்ரீட் வகுப்புகளுக்கு ட்ரெட்வேர் குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறது. கோடு போட்டதும் எல்லாக் கம்பெனியும் அந்தக் கோட்டின் மேலேயே வந்து நின்றுவிட்டன. ஒரே சீசனில் உருகித் தீரும் டயரிலும் 200, மூன்று சீசன் ஓடும் டயரிலும் 200. பள்ளிச் சான்றிதழில் எல்லோருக்கும் ஜூன் மாதப் பிறந்தநாள் இருப்பது மாதிரி.

ஆகவே எண்ணை மறந்துவிட்டு, டயர் எந்தச் சூட்டில் வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ரப்பர் தரையின் சொரசொரப்புக்குள் அமுங்கி, மறுபடி விரிந்து, அப்படியே பற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் கொஞ்சம் ஆற்றலைத் தின்று சூடாக மாற்றிக்கொள்கிறது. ஜில்லென்று இருந்தால் ரப்பர் விறைத்து, தரையில் அமுங்காது. அளவுக்கு மேல் சூடேறினால் மேல்தோல் குழைந்து எண்ணெய் தடவினதுபோல் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்குவம் இருக்கிறது. ஆட்டோகிராஸ் டயருக்கு அந்தப் பக்குவம் சீக்கிரம் வர வேண்டும். ட்ராக் டயருக்குத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, வந்தது போகக் கூடாது. இரண்டையும் ஒரே கலவையில் பிடிப்பது சிரமம் என்பதற்கு ஹூசியரே சாட்சி. இண்டியானாவின் அந்தப் பந்தய டயர் கம்பெனி ஆட்டோகிராஸுக்கு ஏ7, ட்ராக்குக்கு ஆர்7 என்று தனித்தனியாகவே செய்தது. இரண்டும் ட்ரெட்வேர் 40, சாலைக்கு ஆகாது, ஸ்ட்ரீட் வகுப்பிலும் சேர்க்க மாட்டார்கள். அதனால் நம் கதைக்கு வெளியே. ஆனாலும் டயர் செய்கிறவனே இரண்டாகப் பிரித்திருக்கிறான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

200 கூட்டத்துக்குள் ஒரு முனையில் யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்இ-71ஆர்எஸ். பாதையில் நுழைந்த முதல் கோனிலேயே பிடி கிடைக்கும். இரண்டுக்கும் குணம் வேறு. பிரிட்ஜ்ஸ்டோனில் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே மூக்கு திரும்பும். யோகோஹாமா அவ்வளவு வெடுக்கென்று பேசாது. கொஞ்சம் குழைவாக இருக்கும், ஆனால் எல்லை எங்கே என்று அவசரப்படாமல் சொல்லும், சறுக்க ஆரம்பித்த பிறகும் உடனே கைவிடாது. நேரக் கணக்கில் எது மேல் என்பது காரையும் தரையையும் பொறுத்தது. கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலத்தில் காரை இடமும் வலமும் வீசுகிறவர்களுக்கு பிரிட்ஜ்ஸ்டோன் பிடிக்கும். எனக்கு யோகோஹாமாவின் பொறுமைதான் ஒத்துவருகிறது. இது ருசி விஷயம், சண்டைக்கு வராதீர்கள்.

இதே டயரை ட்ராக்குக்குக் கொண்டுபோனால் முதல் இரண்டு லேப் (சுற்று) சொர்க்கம். ஒரே ஒரு வேக லேப்புக்காக ஓட்டுகிற டைம் அட்டாக் ஆட்கள் ஏ052-வைக் கொண்டாடுவதற்குக் காரணம் அதுதான். மூன்றாவது நான்காவது லேப்பில் முன்பக்கம் மெல்ல வெளியே நழுவும். நீங்கள் ஸ்டீயரிங்கைக் கூடத் திருப்புவீர்கள், அது இன்னும் சூடேறும், இன்னும் நழுவும். ஒரு லேப் மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் திரும்பி வரும். இருபது நிமிடத்தில் பாதி நேரம் டயருக்கு விசிறுவதிலேயே போகும். தேய்மானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிட்டுக்கு வந்து பார்த்தால் ட்ரெட்டின் (தரையைத் தொடும் பரப்பின்) ஓரத்தில் ரப்பர் அழிப்பான் துகள் மாதிரி சுருண்டு சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவும் உங்கள் சம்பளம்.

மறுமுனையில் ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4. இது ஓட்டப்பந்தயக்காரன் இல்லை, சுமை தூக்குகிறவன். பழைய ஓட்டைக் கார்களை மணிக்கணக்கில் ஓட்டும் லெமன்ஸ் மாதிரியான சிக்கன எண்டியூரன்ஸ் பந்தயங்களில் (அங்கே விதி 190) இது பேர்போனதற்குக் காரணம், மூன்றாவது லேப்பும் முப்பதாவது லேப்பும் அதற்கு ஒன்றுதான். கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஃபோர்ஸும் இதே குலம்தான். தண்டர்ஹில்லில் ஜூலை மதியத்தில் கடைசி செஷன் வரை ஆர்எஸ்4 ஒரே மாதிரிப் பேசும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நேற்று விட்ட தவறையும் இன்று விட்ட தவறையும் டயர் மாற்றிச் சொல்லாது.

ஆனால் அதே டயரை பிப்ரவரியில் க்ரோஸ் லேண்டிங்குக்குக் கொண்டுபோங்கள். முதல் ஓட்டம் பனிக்கட்டியில் ஓட்டினதுபோல் இருக்கும். பக்குவத்துக்கு வரும்போது ஃபினிஷ் கோடு வந்துவிடும். ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் நிலைமை மாறும், ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் டயர் ஆறாது. ஏ052 போட்டவர்கள் அப்போது தண்ணீர் தெளிப்பானோடு காரைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள், செடிக்கு மருந்தடிக்கிற மாதிரி. ஆர்எஸ்4-காரர் மடக்கு நாற்காலியில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ரேங்க் என்னவோ தண்ணீர் தெளித்தவருக்குத்தான் வரும்.

நடுவில் ஃபால்கன் அஸெனிஸ் ஆர்டி660. முதல் ஓட்டத்திலேயே ஓரளவு பிடிக்கும், ட்ராக்கில் யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன் இரண்டையும்விட அதிக லேப் தாங்கும், யோகோஹாமாவைவிட விலையும் குறைவு. உள்ளூர் ஆட்டோகிராஸில் வகுப்பின் நடுவில் இருப்பவருக்கு இதனால் இழப்பது நொடியில் பத்தில் சில பங்கு. முதல் இடத்துக்குப் போட்டி போடுகிறவருக்கு அந்தப் பங்குதான் எல்லாமே. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ட்ரெட்வேர் 300, மழையில் அருமை, வேலைக்குப் போகும் காருக்கு நல்ல டயர். இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. என் 15 அங்குல ரிம்முக்கு அளவும் கிடையாது.

டயரைத் தேர்ந்தெடுப்பதைவிட அதை வைத்துக்கொள்வதில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். முதல் ட்ராக் டேக்கு கேம்பரை (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து நிற்கும் அளவை) தொடாமல், கம்பெனி வைத்தபடியே போனேன். அன்று சாயங்காலம் ட்ரெட்டின் நடுப்பகுதி புதுசு, வெளி ஷோல்டர் (ட்ரெட்டின் ஓர விளிம்பு) மட்டும் மொட்டை. செட் முழுக்கப் போச்சு. பழி என்மேல்தான். இப்போது முன்பக்க கேம்பர் போல்ட்டை அது திரும்பும் எல்லை வரை திருப்பி வைத்திருக்கிறேன்.

காற்றும் அப்படித்தான். ஆட்டோகிராஸுக்கு 30 பிஎஸ்ஐ போல வைத்து ஆரம்பித்து, பக்கவாட்டில் ட்ரெட் முடியும் இடத்திலிருந்து கீழே வரை வெள்ளை ஷூ பாலிஷால் ஒரு கோடு போடுவேன். ஓட்டம் முடிந்து வந்ததும் பாலிஷ் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஷோல்டரில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்கிப் படுத்திருக்கிறது, இரண்டு பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். குறி வரை வரவே இல்லையென்றால் இறக்க வேண்டும். ட்ராக்கில் கதை வேறு. சூட்டில் ஆறு ஏழு பிஎஸ்ஐ ஏறும் என்பதால் 26-இல் ஆரம்பித்து, முதல் செஷன் முடிந்த சூட்டோடு பார்த்து 33 பக்கம் நிறுத்துவேன். சாயங்காலம் டயர் ஆறியதும் காற்று இறங்கிவிடும். மறந்துவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் கார் சேற்றில் நடப்பதுபோல் வரும். கையடக்க ஏர் பம்ப் ஒன்று கண்டிப்பாக வேண்டும்.

சரி, என் தீர்ப்பு. ஆரம்பிக்கிறவர், ட்ராக் டேயில்தான் அதிக நேரம் செலவழிப்பவர் என்றால் ஆர்எஸ்4. ஆட்டோகிராஸில் கடைசியில் வந்தாலும் வண்டி ஓட்டக் கற்றிருப்பீர்கள். ஆட்டோகிராஸ் பைத்தியம் பிடித்தவர், ட்ராக்குக்கு வருடத்தில் ஒருநாள் போகிறவர் என்றால் ஏ052, அந்த ஒருநாள் இரண்டு லேப் ஓட்டி ஒரு லேப் ஆறவிடுங்கள். இரண்டையும் சம ஆசையோடு செய்கிறவருக்கு ஆர்டி660. இரண்டு செட் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். மியாட்டாவின் டிக்கியில் நான்கு சக்கரம் அடங்காது. பயணி சீட்டில் இரண்டை உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டாலும் மிச்சத்துக்குச் சின்ன டிரெய்லர்தான் வழி. அபார்ட்மெண்டில் இருப்பவன் டிரெய்லரை எங்கே நிறுத்துவான்?

ஒரே செட்டோடு காலம் தள்ளும் எனக்கு உதவியது, எதை முதலில் ஓட்டுவது, எதைப் பிறகு ஓட்டுவது என்ற வரிசை. புது டயரில் ட்ரெட் ஆறு மி.மீ. பக்கம் ஆழம். அந்தத் தடித்த கட்டைகள் ட்ராக்கில் நெளிந்து நெளிந்தே சூடேறும், சில சமயம் துண்டாகப் பிய்ந்தும் போகும். அதனால்தான் பந்தயக்காரர்கள் புது டயரையே காசு கொடுத்துச் சீவி வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், ட்ராக்கில் பலமுறை வெந்து ஆறிய ரப்பர் இறுகிவிடும். அப்புறம் குளிர்காலக் காலையில் ஆட்டோகிராஸுக்கு அது உதவாது. ஆகவே புது செட்டை ஆட்டோகிராஸ் ஆரம்பிக்கும் பிப்ரவரியில் போடுகிறேன். முதல் சூடு மிதமாக ஏற்றி, ஒருநாள் முழுக்க அப்படியே விடுகிறேன். வசந்தம் முழுக்க கோன்களுக்கு நடுவில் ஓடும். அங்கே போய்வரும் சாலையிலும் தேய்ந்து, ஆழம் நாலு மி.மீ. பக்கம் வரும்போது ஜூன் மாதம், தண்டர்ஹில் சீசன். மழையில் மட்டும் அதை நம்ப முடியாது. ஆனால் ஜூலையில் வில்லோஸில் மழை பெய்ததாக நான் பார்த்ததில்லை.