27 ஆட்டம், இரண்டு வழி: ஃபாரோவும் ஐஸ்லாந்தும்

வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் சுமார் 55,000 பேர். ஐஸ்லாந்தில் நான்கு லட்சத்தை நெருங்குகிறார்கள். இரண்டு இடத்திலும் முதல்நிலை கால்பந்து லீக் வசந்தத்தில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. ஒரு அணிக்கு 27 ஆட்டம். கணக்கு மட்டும் வேறு.

ஃபாரோவில் 10 அணிகள். எல்லோரும் எல்லோருடனும் மூன்று முறை மோதவேண்டும். எளிமைதான், ஆனால் மூன்றாவது ஆட்டம் யாராவது ஒருவர் ஊரில்தானே நடந்தாக வேண்டும்? சொந்த மைதானம் சிலருக்கு 14 முறை, சிலருக்கு 13. அதற்காக இந்த லீக்கை லேசாக எடைபோடக் கூடாது. 2023-ல் இங்கிருந்து போன கிளக்ஸ்விக் அணி, ஹங்கேரி சாம்பியன் ஃபெரென்ட்ஸ்வாரோஷை அதன் சொந்த ஊரான புடாபெஸ்ட்டிலேயே 3-0 என்று சாய்த்தது.

ஐஸ்லாந்தில் 12 அணிகள். 22 சுற்று முடிந்ததும் பட்டியலை மேல் ஆறு, கீழ் ஆறு எனப் பிரித்து, புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு அந்தந்த ஆறுக்குள்ளேயே இன்னும் ஐந்து ஆட்டம். 2022-ல் வந்த முறை இது. 2024-ல் பிரைடாப்லிக்கும் விகிங்குரும் சம புள்ளியோடு கடைசி நாளில் நேருக்கு நேர் நின்றன. கோல் வித்தியாசத்தில் முன்னே இருந்த விகிங்குருக்கு டிரா போதும், மைதானமும் அவர்களுடையதே. பிரைடாப்லிக் 3-0 என வென்று கோப்பையைத் தூக்கியது.

பார்வையாளனாக என் ஓட்டு ஐஸ்லாந்துக்கே. ஆனால் ஏழாம் இடத்தில் மாட்டிய அணியின் ரசிகரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.