கொழும்புக்குப் போத்தல் அனுப்ப நல்ல லொறிச் சேவை, போத்தல் எடுப்பிக்கத்தான் கட்டாது

யாழ்ப்பாணம் உரும்பிராயில் நெல்லி கிறஷ் (தண்ணீரில் கலந்து குடிக்கிற நெல்லிச் சாறு) செய்து கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளுக்கு அனுப்புகிறேன். ஸ்ரான்லி வீதிப் பக்கம் உள்ள ஒரு இரவு லொறிச் சேவையில்தான் ஏற்றுகிறது. பின்னேரம் கொடுத்தால் விடியப் புறக்கோட்டையில் இறக்கிவிடுவார்கள். 2006இல் யுத்தத்தில் தெற்குக்குப் போகிற ஏ9 வீதியை மூடினபிறகு சாமான் எல்லாம் கப்பலுக்குக் காத்துக் கிடந்ததைப் பார்த்த எனக்கு இது பெரிய விசயம்.

பாரம் எடுக்கிற தம்பி பெட்டியைக் காதடியில் பிடித்து ஒருக்கால் ஆட்டிப் பார்ப்பார். போத்தல் கிலுங்கினால் ஏற்றமாட்டார். "அக்கா, இன்னும் கொஞ்சம் வைக்கல் அடையுங்கோ" என்று திருப்பித் தருவார். பிறகு ரசீதைப் படம் எடுத்து எனக்கும் கடைக்காரருக்கும் வட்ஸ்அப்பில் போடுவார். அந்த ஒரு படத்தால் கொழும்பில் எனக்கு ஆளும் தேவையில்லை, அறையும் தேவையில்லை. ஓடர், லேபல், கணக்கு எல்லாம் உரும்பிராயிலேயே முடிகிறது.

வாங்குகிற சனம் கொழும்பில் இருக்க, ஏன் இங்கே செய்கிறாய் என்று கேட்பார்கள். காயாக ஏற்றினால் விதைக்கும் சக்கைக்கும் சேர்த்தல்லவா லொறிக்கூலி கட்டவேணும்! காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததும் இதே கணக்கில்தான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நிறையில் நாற்பது வீதத்துக்கு மேல் காற்றோடு போய்விடும். அதனால் கல் இருந்த இடத்திலேயே ஆலையைக் கட்டி, களிமண்ணை முருங்கனில் இருந்து எடுப்பித்தார்கள்.

கண்ணாடியில்தான் எனக்கு இடிக்கிறது. போத்தல் செய்கிறது கொழும்புப் பக்கம் ஹொறணையில். நானூறு கிலோமீற்றர் வெறுமையாக வந்து, நிரம்பித் திரும்பிப் போகிறது. வெறும் போத்தலுக்கு நிறை பார்க்காமல், பிடிக்கிற இடத்துக்குக் காசு வாங்குகிறார்கள். கொழும்பில் இருந்து வருகிற லொறி எப்பவும் நிரம்பித்தான் வரும் என்பதால் வரத்துக்கூலியும் கூட. பெரிய ஓடர்களைப் பிளாஸ்டிக் கானில் அனுப்பி, கொழும்புக்குக் கிட்ட வத்தளையில் போத்தலில் அடைக்கச் சொல்லி எனக்கு ஆலோசனை சொல்லுகிறார்கள். கணக்குப்படி அது சரி. ஆனால் இங்கே போத்தல் கழுவி லேபல் ஒட்டுகிற பிள்ளைகளின் வேலையும் கானோடு சேர்ந்து வத்தளைக்குப் போய்விடும். அதற்கு எனக்கு மனமில்லை. வழமையாக அனுப்புகிற எங்களுக்கு வெறும் போத்தலுக்கென்று கூலியில் ஒரு கழிவு தரவேணும் என்று லொறி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

உடைகிற சாமானை நம்பிக் கொடுக்கலாம். வெங்காயக் காலத்தில் மட்டும் மத்தியானமே கொண்டுபோங்கள், பின்னேரம் இடம் கிடைக்காது.